ஷிப்டுக்கு ஒரு கவர்

இன்று காலை பி-காம்ப்ளெக்ஸ் டப்பா ஒன்றைத் திறந்ததும் அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உங்களுக்கும் தெரிந்த வாசனைதான். வாய்ப்புண் வந்தால் டாக்டர் எழுதித் தருவாரே, அந்த மாத்திரை. பாதிப் பேருக்குக் குமட்டும். எனக்கோ அது நான் விட்டுவந்த ஒரு வேலையின் வாசனை. ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு உள்ளே நின்று டப்பாவை மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே காத்திருந்த அம்மா, "கெட்டுப்போச்சுங்களா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன்.

ஈஸ்ட் சாற்றின் வாசனை அது. ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில் பூஞ்சைகளுக்கு நான் காய்ச்சி ஊற்றிய கஞ்சியில் அதுவும் சேரும். இங்கே நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டிய மண்ணை ஓரமாகக் கொட்டிக் கொட்டி மலைபோல் நிற்கிறதல்லவா, அந்த மண்ணில் என்ன பூஞ்சை பிழைக்கிறது, அதில் மரம் நட்டால் வருமா என்பதுதான் ஆராய்ச்சி. மண்ணைப் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். ஒரு கண்டக்டர், "கோயில் மண்ணாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லியிருந்தால் டிக்கெட் கொடுக்காமலே போயிருப்பார்.

அந்த லேபில் பேச ஆளில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் எப்போதாவது எட்டிப்பார்த்து, "வளருதா?" என்பார். வளருது சார் என்பேன். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. நான் பூஞ்சை வளரும் கண்ணாடித் தட்டுகளிடம் பேச ஆரம்பித்தேன். அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட ஆளில்லாமல் போனதுதான் கொடுமை. பிறகு நிதி நின்றது, ஆராய்ச்சியும் பாதியில் நின்றது. பூஞ்சைகளை அழிக்கும் வேலை மட்டும் எனக்கு விடப்பட்டது.

அதற்கு முன்னால் நான் உயிரியல் டீச்சர். டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது. என் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சை நகர்த்தினால் சத்தமே வராது. கதவைச் சாத்துவதும் அப்படித்தான், தாழ்ப்பாளைக் கையில் பிடித்துக்கொண்டே சாத்துவார்கள். என்ன ஒழுக்கம் என்று மெச்சிக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அப்பாக்கள் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். என் அப்பா ஆபீஸில் வேலை பார்த்தவர், பகல் ஷிப்ட் மட்டும். சுரங்கக் குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தும் எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்த வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். தூங்குமூஞ்சி மரத்தின் இலை சாயங்காலம் மூடிக்கொள்வதைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து, "டீச்சர், அதுக்கு நைட் ஷிப்ட் போட்டா என்ன பண்ணும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. செடியைப் பகலில் இருட்டிலும் இரவில் வெளிச்சத்திலும் வைத்தால் கொஞ்ச நாள் தடுமாறி, அப்புறம் புது நேரத்துக்குப் பழகிக்கொள்ளும் என்றேன். "எங்கப்பா வாராவாரம் தடுமாறுறாரு டீச்சர்" என்றாள். இதுவரை யாரும் என்னிடம் அதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை.

ஆராய்ச்சியும் போன பிறகு முப்பத்தைந்து வயதில் டிப்ளமோ பார்மசி சேர்ந்தேன். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அம்மாவோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். வெளியூரில் எனக்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் எனக்கு நெய்வேலியை விட்டால் ஊர் கிடையாது. அப்பாவின் ஊரில் நான் விருந்தாளி. இங்கேயே இருக்க ஒரு பிழைப்பு வேண்டும், அவ்வளவுதான். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவர்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்த அவர்கள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் அக்கா ஆனேன். ஆனால் கேன்டீனுக்குப் போகும்போது அக்காவைக் கூப்பிட மாட்டார்கள்.

படித்து முடித்து இந்த ஜன்னலுக்கு வந்தேன். ஜன்னல் என்றால் கண்ணாடியில் ஓர் ஓட்டை. சீட்டு உள்ளே வரும், மாத்திரை வெளியே போகும். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால். இதையே நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு நாள் ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க செல்வியோட டீச்சரா நீங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

செல்வியின் அப்பா கலியமூர்த்தி. முத்தாண்டிக்குப்பத்துக்காரர், சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரம் ஓட்டுபவர். மனைவி இறந்த பிறகு குவார்ட்டர்ஸில் தனியாகத்தான் இருந்தார். புதிதாகச் சர்க்கரை வந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டும் உடம்பு சரியில்லை என்றார்.

"எப்படிச் சாப்பிடுறீங்கண்ணே?"

"நீங்க சொன்னாப்பலதான் டீச்சர். காலைல ஒண்ணு. நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு வூட்டுக்கு வந்ததும் மொத வேல, மாத்திரையப் போட்டுக்கினு படுத்துருவேன். எழுந்தா ஒடம்பெல்லாம் வேர்த்து, கை ஆடுது."

"டிபன்?"

"தூக்கம் சொக்கிக்கினு வரும்போது எங்க டிபன்?"

சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறார். நாங்கள் சொல்லும் காலை வேறு, அவருக்கு விடியும் காலை வேறு. உடனே டாக்டரிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டு, எந்த ஷிப்டில் எந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் எது என்று எனக்கு விவரமாகச் சொன்னார். நான் மூன்று கவரில் பிரித்துப் போட்டேன். பர்ஸ்ட், செகண்ட், நைட் என்று மேலே எழுதினேன். எழுத்து கரும்பலகையில் எழுதுவதுபோலக் குண்டுகுண்டாக வந்தது.

பிறகு அவர் சொல்லி ஷிப்ட்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஷிப்ட் கவர் போடும் மேடம் என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது. கூட்டம் குறைந்த நேரத்தில் எல்லாருக்கும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பற்றிப் பாடம் நடத்துவேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடத்துவேன். மாதம் ஒருமுறை கலியமூர்த்தி அண்ணன் வந்து வரிசை முடியும்வரை ஓரமாக நின்று, கடைசியில் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவார். செல்வி ஓசூரில் இருப்பது, அவளுடைய பிள்ளைகள், அன்று என்ன குழம்பு வைத்தார் என்பது, எல்லாம். ஊரில் என்னை டீச்சர் என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். மற்ற டீச்சர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூடப் படித்தவர்கள் எல்லாரும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். இந்த ஊரின் வழக்கம் அது. இங்கே யாருக்கும் கிழவராகும்வரை வீடு கிடையாது. அவருக்கும் ரிட்டயர்மென்ட் வரும் என்பதை மட்டும் நான் நினைக்காமலே இருந்தேன். நினைக்கப் பயம்.

வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் மாலையும் கழுத்துமாக அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த முறை ஜன்னலுக்கு வந்தபோது, "இனிமே ஒரே கவர் போதும்ணே" என்றேன்.

"மூணும் போடுங்க டீச்சர்."

"ஷிப்டுதான் முடிஞ்சிருச்சே."

"எங்கூட வேல பாத்த பசங்களுக்கு நைட் ஷிப்ட் வர்ற வாரம் எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குது. முழிச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். பகல்லதான் கண்ண மூடுது."

வேறு ஒரு பார்மசிஸ்டாக இருந்தால் கண்டித்திருப்பார். நானும் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு மூன்று கவரும் போட்டுக் கொடுத்தேன். அவர் மாறிவிடக் கூடாது என்ற ஆசையும் அதில் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தமில்லை.

குவார்ட்டர்ஸ் காலி செய்ய வேண்டிய நாளும் வர, அவர் செல்வியிடம் ஓசூர் போனார். வாரம் தவறாமல் போன் வரும். "டீச்சர், நம்ம பசங்க இந்த வாரம் என்னா ஷிப்ட்?" அதற்காகவே ஜன்னலில் யாரையாவது விசாரித்து வைத்திருப்பேன். நைட் என்றால், "அதான் பார்த்தேன்" என்று சிரிப்பார். இரண்டு பேரும் வேறு எதுவும் பேச மாட்டோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

கொஞ்ச நாளாகப் போன் வரவில்லை. பயந்துபோய் நானே கூப்பிட்டேன். செல்வி எடுத்தாள். குரல் அப்படியே இருந்தது.

"அப்பா நல்லாருக்காரு டீச்சர். இப்பல்லாம் பத்து மணிக்கு பிள்ளைங்களோட படுத்துடறாரு. காலைல எழுந்து அவங்கள ஸ்கூல் பஸ் ஏத்தி விடறாரு. சர்க்கரையும் நார்மலாயிடுச்சி. எல்லாரையும் மாதிரி ஆயிட்டாரு."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். தடுமாறிப் பிறகு பழகிக்கொள்ளும் என்று பாடம் எடுத்தவளே நான்தானே. போனை வைத்த பிறகு அன்றைக்கெல்லாம் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அவர் இருந்த தெருவில் பழைய வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். தூங்குமூஞ்சி மரங்கள் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. எங்கள் ஜன்னலிலும் இப்போது கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. நான் பேனாவை எடுப்பதே அபூர்வம்.

இன்றைக்கு மத்தியானம் யூனிபார்மோடு ஒருவர் மாத்திரை வாங்க வந்தார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. கலியமூர்த்தி அண்ணன் வேலை பார்த்த கூட்டத்துக்கு இந்த வாரம் என்ன ஷிப்ட் என்று. செகண்ட் ஷிப்ட் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதுல உங்க வூட்டு ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா மேடம்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினேன்.