சுவரோரம் வந்த ஜுராசிக் எல்லை

சேக்காட்டில் எங்கள் வீட்டுக்குப் போர் போட்டபோது, தண்ணீரைவிட மண்ணுக்காகக் காத்திருந்தவள் என் அக்கா. புதைபடிவங்களை வைத்துப் பாறையின் வயதைக் கணிப்பது அவளது ஆராய்ச்சி. எங்கள் காலடியில் ஜுராசிக் அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடியும்.

துளையிடும் ராடு ஒவ்வொன்றாக இறங்கும்போதும் மேலே வந்த மண்ணைத் தனித்தனிக் குவியலாகப் போடச் சொல்லியிருந்தாள். முதல் குவியல் கேட்டருகே. ஆழம் கூடக்கூட வரிசை பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கி நீண்டது. சுவரைத் தொட்டபோது தண்ணீர் வந்துவிட்டது, போர் வண்டியும் போய்விட்டது.

களியின் நிறம் மாறிய இடத்தில் அக்கா ஒரு செங்கல்லை வைத்தாள். ஆனால் நிறம் சாட்சி ஆகாது. ஜுராசிக்கோடு அழிந்துபோன ஒரு கடல் சிற்றுயிரின் ஓடு, மேலிருந்து வரும்போது எந்தக் குவியலில் முதலில் தென்படுகிறதோ, அங்கேதான் எல்லை. ஒரு பிடி மண்ணைக் கழுவி லென்ஸில் பார்த்தாள். ஓடு இல்லை. செங்கல் அடுத்த குவியலுக்கு நகர்ந்தது. மறுபடியும் நகர்ந்தது.

“எல்லை இங்க இல்லடா. இன்னும் அந்தப் பக்கம்.”

சுவருக்கு மேல் ஒரு தலை எழுந்தது. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்.

“இன்னாம்மா, எல்லை எங்க வர்து?”

“தெரிலண்ணா. இப்படியே போனா உங்க சுவத்துக்கே வந்துடும்.”

எங்கள் பக்கத்தில் யாரிடமும் சொல்லக்கூடாத வாக்கியம் அது. சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து வந்துவிட்டார்.

“எங்க நைனா கட்ன சுவரும்மா. சர்வேயர வெச்சு அளந்தது.”

“இது அதுக்கும் முன்னாடிண்ணா.”

“எத்தினி வருஷம்?”

“பதினாலரை கோடி.”

கேள்விகள் நன்றாகப் போகும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது நான் பத்திரிகை வேலையில் கற்றது.

“அப்ப பட்டா யார் பேர்ல கீது?”

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. அளப்பது பக்கவாட்டில் அல்ல, கீழ்நோக்கி என்று விளக்கினாள். அவர் தலையாட்டினார், ஆனால் போகவில்லை. மிச்சம் இரண்டே குவியல். முதலாவதில் ஒன்றுமில்லை. கடைசியிலும் இல்லையென்றால் அத்தியாயமும் இல்லை.

கடைசிப் பிடியில் அக்காவின் கை நின்றது. லென்ஸை அவரிடம் நீட்டினாள்.

“இத்துனூண்டு கீது. இதுவா சொல்லுது?”

“இதுதான்ணா.”

செங்கல்லைக் கடைசி இரண்டு குவியலுக்கும் நடுவே, சுவரோரமாக வைத்துப் படம் எடுத்தாள். அவர் படம் எடுக்கும்வரை பொறுத்திருந்தார்.

“சந்தோஷம்மா. இப்ப அந்தச் செங்கல்ல எடுத்துடு. யாராச்சும் பாத்தா நெசம்னு நெனச்சுக்குவாங்க.”