பேரலில் போட்ட துளையும் ஹீற்றர்மேல் வைத்த தோட்டாவும்

1. திரும்பி வந்தவை

ஜனவரி மாதத்துத் திங்கட்கிழமைக் காலை. டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் நான் வேலை செய்த சின்னப் பட்டறைக்குள் நுழைந்தபோது, முன்மேசையில் வேட்டை ரைபிள்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் நாங்கள் செய்து விற்றவை, எல்லாம் திரும்பி வந்தவை. முறைப்பாடும் ஒன்றுதான்: முதல் வெடி வெடிக்கிறது, அடுத்த தோட்டா தானாக ஏறவில்லை.

பட்டறை முதலாளியை நாங்கள் மெஸ்டர் என்போம். நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

"ராணி, இந்தப் பேரலுகளுக்குத் துளை போட்டது நீர்தானே?"

அவர் கேட்டது டேனிஷில். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"ஓம், நான்தான்."

"துளை சின்னன். நாளைக்குப் பெரிய டிரில் பிட்டைப் போட்டு எல்லாத்தையும் பெருப்பிச்சு விடும். ஸ்ராண்டில நிக்கிற புதுப் பேரலுகளையும் சேர்த்து."

அந்த மாத முடிவோடு என் சோதனைக் காலம் முடிகிறது. என்னை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று அப்போதுதான் அவர் சொல்வார். என் கணவரும் மகள் சுதாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாம் நகராமல் கிடந்த வருடங்கள் அவை. நிரந்தர வேலை இருந்தால் கோப்பு நகரும் என்று கோல்டிங் நகரிலிருந்து இஷொய் நகர் வரை இருந்த தமிழர் எல்லோரும் நம்பினோம். உண்மையோ பொய்யோ, நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவள், துவக்குப் பட்டறை வேலை பறிபோகப் போகிறது என்று பயந்து நின்றேன். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

2. அந்தத் துளை என்ன செய்யும்

இந்தத் தொழில் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தோட்டா வெடித்ததும் பேரலுக்குள், அதாவது துவக்கின் குழாய்க்குள், காஸ் நிரம்பும். பேரலின் பக்கச் சுவரில் போட்ட சின்னத் துளையால் அதில் கொஞ்சம் வெளியே வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னே தள்ளும். வெடித்த தோட்டாவின் வெறுங்கோது வெளியே பாயும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அந்தத் துளைதான் காஸ் போர்ட்.

துளை சின்னதாக இருந்தால் போல்ட்டுக்குப் பலம் போதாது. கோது காலடியில் விழும், அல்லது வாயிலேயே சிக்கிக்கொள்ளும். பெரிதாக இருந்தால் போல்ட் பின்னே போய் அடிஅடியென்று அடிக்கும். கோது சுவர் வரைக்கும் பறக்கும், கொஞ்ச நாளில் உள்ளே ஏதாவது உடையும். சின்னத் துளையைப் பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சின்னதாக்க யாராலும் முடியாது, பேரலைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அதனால் நான் எப்போதும் சின்ன பிட்டில் தொடங்குவேன். கீழே சோதனை அறையில் மரியதாஸ் சுட்டுப் பார்ப்பான். மன்னார்ப் பெடியன், எனக்கு முன்பே அங்கே நிரந்தரமாகச் சேர்ந்தவன். ஏறாவிட்டால் மேலே அனுப்புவான், நான் அடுத்த பிட்டைப் போடுவேன். ஏறினால் அத்தோடு நிறுத்துவோம். திரும்பி வந்த ரைபிள்கள் எல்லாம் இப்படிப் பாஸான ரைபிள்கள்தான்.

என் துளையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அளந்துதான் போட்டேன். அப்படியென்றால் பிழை வேறெங்கோ இருக்கிறது.

3. கீழே போனேன்

சோதனை அறைப் பக்கம் நான் போவதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஊர் ஞாபகம் வரும், அது நல்ல ஞாபகமில்லை. அன்று போனேன்.

கதவைத் திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. ஹீற்றர் கடைசி இலக்கத்தில் நின்றது. அதன்மேல் தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ரைபிள்கள் சாய்ந்து நின்றன. ஒரு தோட்டாவை எடுத்தேன். அவித்த முட்டை மாதிரி இளஞ்சூடு.

"தம்பி, இதென்ன கூத்து?"

"பித்தளை குளிர்ந்தா விரல் விறைக்குது அக்கா. லோட் பண்ணேலாது. சூடாக்கிப்போட்டுத்தான் சுடுறனான்."

"எப்ப தொடங்கி?"

"குளிர் தொடங்கின நாள் தொட்டு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சூட்டில் வெடிமருந்து வேகமாக எரியும், காஸ் பலமாக வரும், கிறீசும் இளகி இருக்கும். என் சின்னத் துளை போதும்தான், மன்னார் வெயிலுக்கு. டென்மார்க் வேட்டைக்காரன் விடிய முன்னம் உறைபனியில் போய் நிற்கிறவன். ஒரு டேனிஷ்காரன் அந்த அறையில் வேலை செய்திருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பான். குளிரில் விறைத்த எங்கள் ஆள்தான் தோட்டாவுக்கும் சேர்த்துக் குளிர் காய வைத்தான்.

விளங்கியதும் மரியதாஸின் முகம் கறுத்துவிட்டது.

"நான் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். வாங்கோ மேல, நானே சொல்லுறன்."

சொன்னான். ஒரு வார்த்தையும் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளை மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறது.

4. குளிரில் வைத்துப் பார்த்தது

மெஸ்டரின் காது இன்னும் சிவந்தது. "அப்ப செய்த சோதனை ஒண்டும் செல்லாது. பெரிய பிட்டைப் போடுவம். எந்தக் குளிருக்கும் ஏறும்" என்றார்.

"ஏறும். மே மாதம் கிடாய்மான் வேட்டை தொடங்கினா? வெயில்ல நிண்ட காருக்குள்ள இருந்து தோட்டாவை எடுத்துச் சுடுவாங்கள். அப்ப போல்ட் உடைஞ்சு திரும்பி வரும். அடைக்கேலாத துளையை அவசரப்பட்டுப் போடவேண்டாம். ஒரு நாள் தாங்கோ."

சோதனைக் காலத்தில் இருந்தவள் முதலாளிக்கு அப்படிச் சொன்னேன். என் தொழிலில் எனக்கு நம்பிக்கை இருந்தது, அதனால் வாய் வந்தது. அவர் சரி என்றார்.

ஒரு ரைபிளையும் தோட்டாக்களையும் ஹீற்றர் இல்லாத பின் ஸ்டோரில் வைத்துப் பூட்டினோம். அடுத்த நாள் காலை இரும்பு கையில் ஒட்டும் குளிர். மரியதாஸ் சோதனை அறை ஜன்னலைத் திறந்துவிட்டுச் சுட்டான். இரண்டாவது தோட்டா ஏறவில்லை. அடுத்த பிட் போட்டேன், மறுபடி குளிர வைத்தோம். கோது அரைவாசியில் சிக்கியது. இன்னொரு பிட். ஏறியது. திரும்பத் திரும்பச் சுட்டான், ஒவ்வொரு முறையும் ஏறியது.

"இப்ப தோட்டாவை ஹீற்றர்மேல வை" என்றேன்.

சூட்டிலும் சுட்டான். கோதுகள் சுவருக்குப் பறக்கவில்லை, ஓரிடத்தில் குவிந்து விழுந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன், ஆனால் வெளியே ஓடவில்லை.

மெஸ்டர் குனிந்து ஒரு கோதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உம்மட துளையும் சின்னன், என்ர பிட்டும் பெரிசு" என்றார். பிறகு, "மாத முடிவில நீர் போகத் தேவையில்லை."

மரியதாஸுக்குத் திட்டு விழவில்லை, பஞ்சு வைத்த தடித்த குளிர் உடுப்பு ஒன்று கிடைத்தது. அதன் பிறகு குளிரில்தான் சோதனை. "துளையைச் சரியாக்கி என்னை விறைக்க வைச்சிட்டீங்கள் அக்கா" என்று வருடக்கணக்காகப் புறுபுறுத்தான்.

5. கோட்டு

இளம் பொறியியலாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருள் எங்கே வேலை செய்யப் போகிறதோ, அந்த இடத்தின் குளிரிலும் சூட்டிலும் வைத்து அளவைத் தீர்மானியுங்கள். சூடான அறையில் இருந்துகொண்டு குளிரில் நிற்கிறவனுக்கு அளவு சொல்லாதீர்கள். எங்கள் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டவர்களும் சூடான அறையில் இருந்தவர்கள்தான். பிறகு அது வெளியே வந்து, நாடே கதைத்து, டென்மார்க் அரசாங்கமும் விழுந்தது. ஆனாலும் எங்களுக்குக் கழிந்த வருடங்கள் திரும்பி வரவில்லை.

வேலை நிரந்தரமான அன்று நேரே கடைக்குப் போய்ச் சுதாவுக்கு ஒரு சிவப்புக் குளிர்க் கோட்டு வாங்கினேன். நான் விட்டுவிட்டு வந்த சுதாவின் அளவு என் கைக்குத் தெரியும். கடைக்காரி ஒரு அளவு பெரிதாக எடுக்கச் சொன்னாள். தேவையில்லை, கெதியில் வந்துவிடுவாள் என்றேன். கோட்டு அலமாரியில் தொங்கியது. ஒரு குளிர்காலம் போனது, இன்னொன்றும் போனது.

விமான நிலையத்தில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளின் தலை என் நெஞ்சுக்கு நின்றது. கோட்டை விரித்துக் கையை நுழைத்தேன். முழங்கைக்கு மேலே ஏறவில்லை. அவள் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, இது ஆருக்கு வாங்கினது?"