இரண்டாவது கோஸ்

ஒஸ்வால்ட் டோஹாவுக்குப் போகும்போது மனைவி நேசத்திடம் விட்டுப் போனது ஓட்டமில்லாத ஒரு வானும் அதன் திறப்பும்தான். நுவரெலியா, கதிர்காமம் என்று சனங்களை உல்லாசப் பயணம் ஏற்றித் திரிந்த வான். தொண்ணூற்றாறில் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த பிறகு கொட்டாஞ்சேனையில் யாருக்கும் பயணம் போகும் மனமில்லை. எட்டு மாதம் அங்கே உழைத்துவிட்டு வந்து திரும்ப ஓட்டலாம் என்று நினைத்தார். அதுவரை வான் ஒழுங்கையில் மதிலோடு நிற்க வேண்டியதுதான்.

நேசத்துக்கு வான் ஓட்டத் தெரியாது. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் தியேட்டரில் இருபத்தாறு வருடம் உதவிக்கு நின்றவள். படுத்துக் கிடப்பதைப் பராமரிக்கத் தெரியும்.

"சும்மா நின்னாலும் பேட்டரி எறங்கிடும்க்கா. கழட்டி வச்சிருங்க" என்றான் ஜிந்துப்பிட்டியில் சார்ஜ் போடும் அழகர்.

பற்றரியைக் கழற்றிக் குசினிக்குப் பின்னால், காற்றோடும் இடத்தில் ஒரு பலகைமேல் வைத்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மூடிகளைத் திறந்து பார்ப்பாள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் விடுவாள். முனைகளில் உப்புப் பூக்காதபடி காயத்துக்குக் கட்டும் கோஸ் துணியில் வஸ்லின் தடவி, முனைக்கு ஒன்றாகச் சுற்றிவிட்டாள். மாதம் ஒருமுறை சார்ஜ் போட ஆட்டோவில் அழகரிடம் கொண்டுபோவாள். தமிழ்ப் பெண் மடியில் பற்றரியோடு சோதனைச் சாவடியில் இறங்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்தபடியால், முதல் மாதமே பொலிசில் போய்ச் சொல்லி அனுமதித் துண்டு வாங்கி வைத்திருந்தாள்.

அடுத்த வீட்டு வங்கிக் கிளார்க் ஸ்ரீஸ்கந்தராசா மதிலால் எட்டி, பற்றரியைப் பார்த்துக் கேட்பான்:

"அக்கா, நோயாளி எப்பிடி? தண்ணி வென்னி இறங்குதோ?"

"உம்மை விடத் திறம். வாய் காட்டுறேல்லை."

ஏழாம் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, பொலிஸ் வந்து அறிவித்தது. யாரோ பெரிய ஆள் அந்த வழியால் போகிறாராம். பன்னிரண்டு மணிக்குள் ஒழுங்கையில் ஒரு வாகனமும் நிற்கக் கூடாது. நின்றால் இழுத்துப் போவார்கள். இழுத்துப் போனது எப்போது வரும், எந்தக் கோலத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வான் போனால் ஒஸ்வால்ட் திரும்பி வந்து செய்யத் தொழில் இல்லை.

ஓட்டத் தெரிந்தவன் ஸ்ரீஸ்கந்தராசா ஒருவன்தான். முன் இருக்கையைத் தூக்கி, இருட்டுக்குள் குனிந்து பற்றரியைப் பூட்டினான். திறப்பைத் திருப்பினான். சத்தமில்லை. லைட்டும் எரியவில்லை. மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.

"அக்கா, நோயாளி போயிட்டார்."

ஒழுங்கையில் காத்து நின்ற பொலிஸ்காரர் மணிக்கூட்டைக் காட்டினார். "பொட்டக் இன்ன, மாத்தயா" என்று அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு நேசம் யோசித்தாள். வியாழக்கிழமைதான் சார்ஜ் போட்டு வந்தது. சாக நியாயமில்லை.

கழற்றியதை வைக்க அவன் கீழே விரித்திருந்த பேப்பரைப் பார்த்தாள். ஒரு ஸ்பானர். ஒரு கோஸ்.

தியேட்டரில் வயிற்றைத் தைத்து மூடுமுன் கோஸை எண்ணுவார்கள். கணக்குச் சரிவராமல் எந்தப் பெரிய டொக்டரையும் ஊசியைத் தொட விடமாட்டார்கள்.

"ராசா, எத்தினை கோஸ் எடுத்தனீர்?"

"என்ன கோஸ்?"

"நான் ரெண்டு சுத்தினனான். இஞ்சை ஒண்டுதான் கிடக்கு. மற்றது உள்ளுக்குள்ளை. கழட்டும்!"

உட்பக்கத்து முனையில் கோஸின் மேலேயே கம்பியின் வளையத்தை மாட்டி இறுக்கியிருந்தான். தூசி படிந்து முனையும் துணியும் ஒரே நிறம். நேசம் அதை இழுத்தெடுத்து, சேலைத் தலைப்பால் முனையைத் துடைத்து, மற்றதன் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு. இப்ப பூட்டும்."

வான் ஒருமுறை இருமியது. பிறகு கறுப்புப் புகை தள்ளிக்கொண்டு உயிர் பெற்றது. "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிப் பொலிஸ்காரர் கையை அசைத்து வழிவிட்டார். வான் கோயில் வளவுக்குள் போய் நின்றது. அதன் பிறகுதான் நேசம் வீட்டுப் படியில் குந்தி ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

"நோயாளியிலை பிழையில்லை அக்கா" என்றான் திரும்பி வந்தவன். "டொக்டரிலைதான்."

"எண்ணத் தெரியாமல் உம்மை எப்பிடி வங்கியிலை வைச்சிருக்கினம்?"

பின்னேரம் டோஹாவுக்குக் கடிதம் எழுதினாள். 'வான் நிக்குது. பற்றரி சுகம். வரேக்கை நல்ல டோர்ச் ஒண்டு வாங்கிவாங்கோ, ராசாவுக்கு.'