கஞ்சியில் விட்ட புதினா எண்ணெய்

என் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான்கு மாதமாக எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சுக்குக் கீழே நின்றுவிடும். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். உள்ளே இருப்பது புண்ணா, கட்டியா, கட்டி என்றால் வெட்ட முடியுமா, அது தெரிந்தாக வேண்டும்.

"குழாய் போனதும் வயிறு சுருங்கி ஆடும், சரியாப் பார்க்க முடியாது" என்றார் டாக்டர். "அடக்க ஊசி இருக்கு. இவருக்கு இதயத் துடிப்பு சீரா இல்ல, வேணாம். புதினா எண்ணெய் விட்டு அடக்கிக்கலாம். வெறும் வயித்தோட வாங்க."

யார் விடுவது, எப்போது என்று கேட்க நினைத்தேன். பின்னால் வரிசை நின்றது. கூச்சத்தில் கேட்கவில்லை.

திருவொற்றியூர் நாட்டு மருந்துக் கடையில் ஒரு புட்டி வாங்கினேன். அப்படியே கொடுத்தால் எரியுமே என்று, குழாய் விடும் நாள் காலை அரை டம்ளர் நொய்க்கஞ்சியில் நாலு சொட்டு விட்டுக் கொடுத்தேன். எங்கள் வீடுகளில் மருந்தைக் கஞ்சியில்தான் கொடுப்போம். அதைச் சாப்பாடாகக் கணக்கில் வைப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்ததும் நர்ஸம்மா மூக்கை உறிஞ்சினார். "இன்னா நைனா, புதினா சட்னி துன்னுட்டு வந்தியா?"

"ஒண்ணும் துன்னலமா. மருந்துக் கஞ்சிதான் குட்ச்சேன்."

"கஞ்சியா! அது நுரையீரலுக்குப் போனா இன்னா ஆவுறது? யாரு குட்த்தது?"

வாசலில் நின்ற என்னை என் கணவர் பார்க்கவே இல்லை. "நானேதான்" என்றார்.

குழாய் விடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் இடுப்பில் லுங்கி நிற்காமல் அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டார்.

இரண்டாம் முறை, எண்ணெய் கலந்த தண்ணீரை அவர்களே குழாய் வழியாக வயிற்றுக்குள் தெளித்தார்கள்.

"வயித்துக்குள்ள நடக்குறத அங்க டிவில பாத்தேன்மே" என்றார் வெளியே வந்து. "எண்ணூர் முகத்துவாரம் மாதிரி அலை அடிச்சிகினு இருந்துச்சி. அத்தத் தெளிச்சதும் கப்புனு அடங்கிட்ச்சி."

வயிறு அடங்கியதால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கட்டிதான். சதை எடுத்துப் பார்த்து, ஸ்கேனும் எடுத்த பிறகு, ஈரல் வரை போய்விட்டது, வெட்ட முடியாது என்றார்கள்.

"அன்னிக்கே பாத்திருந்தா?" ஆஸ்பத்திரியில் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

"மூணு வாரத்துல இவ்வளவு ஆகாதும்மா." டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அதான் சொல்ட்டாருல்ல, வுடுமே" என்றார் இவர், பஸ்ஸில்.

அவரை மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. டாக்டர் சொன்னதை நம்பத்தான் பார்க்கிறேன். வீட்டில் யாருக்காவது ஜுரம் என்றால் மாத்திரையை வெந்நீரில் கொடுத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் கஞ்சி வைப்பது மருமகள்தான்.