ஆறுமணிக்குருவியைத் தேடிப் போய்க் கம்பிக்குள் நின்ற காலை

சென்ற ஜனவரியில் எனக்கு நானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். ஒரு வருடத்துக்குள், மலை ஏறாமல், திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியிலேயே நூற்றைம்பது வகைப் பறவைகளைப் பார்த்துவிட வேண்டும். கொடைக்கானல் கிடையாது, சிறுமலை கிடையாது. குளம், கண்மாய், வயல், தென்னந்தோப்பு, கரட்டுக்காடு, அவ்வளவுதான். இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். டிசம்பர் மாதப் பதிவு மட்டும் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அதுதான் காரணம். ஆனால் ஆத்தூர்ப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இப்போது எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு: நாங்கள் திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கிறோம். என் கணவர் சாகுல் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். மூன்று வருடம் முன்பு அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். அப்படி நடந்த ஒரு காலையில், மின்கம்பியில் மங்கலாக உட்கார்ந்திருந்த ஒரு பறவை எழும்பிப் பறந்தபோது இறக்கை முழுக்க நீலமாக விரிந்தது. பனங்காடை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. அவருக்குப் பறவை என்றால் பிரியாணிக்குப் போவது மட்டும்தான். ஆனாலும் என்னைத் தனியாக அனுப்ப மனம் வராமல், ஞாயிறுதோறும் ஸ்கூட்டரை எடுத்து, கேமரா வைக்கும் முக்காலியையும் தோளில் சுமந்து வருவார்.

பயம் எனக்குப் புதிதில்லை. வருடம் முழுக்கப் பயந்துகொண்டேதான் சுற்றினேன். கண்மாய்க் கரையில் நாய்கள் சூழ்ந்திருக்கின்றன. நாணலுக்குள் கால் வைத்த இடத்திலிருந்து பாம்பு வழுக்கி ஓடியிருக்கிறது. துப்பட்டா போட்ட பொம்பளை பைனாகுலரில் என்னத்தைப் பார்க்கிறாள் என்று ஒரு கூட்டமே வந்து வண்டியை மறித்திருக்கிறது. அதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பயம். டிசம்பரில் பட்டது வேறு.

டிசம்பர் பிறந்தபோது நூற்று நாற்பத்தைந்து வகை பார்த்திருந்தேன். மனதில் நின்றதெல்லாம் ஒரே பறவைதான்: ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் பக்கம் வரும். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பில் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. ஆனால் புதருக்கு அடியில் சருகுக்குள்ளேயே திரிவதால் கண்ணில் படாது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரட்டை விசில் மாதிரி கூப்பிடும், பெயரும் அதனால் வந்ததுதான். ஆத்தூர் அணைக்குக் கீழே ஒரு ஓடைப் புதரில் அது கூப்பிடுவதைக் கேட்டதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

அந்த ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். செம்பட்டி வழியாகப் போனால் எங்கள் ஸ்கூட்டர் கணக்கில் இருபத்தைந்து கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் ஆகும், பனி என்றால் கூடுதல். அவர் சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டார். சித்தையன்கோட்டையில் ஒரு அம்மா விடியுமுன் இட்லி அவித்துவிடுவார், அங்கே சாப்பிடலாம் என்று கணக்கு. அன்றைக்குப் பார்த்துக் கடை பூட்டியிருந்தது.

“பாத்துட்டு வந்து சாப்டுக்கலாம்மா. அரை மணி நேரந்தானே” என்றார். நானும் சரி என்றேன்.

தார்ச்சாலையிலிருந்து ஓடைக்குப் பிரியும் மண்பாதையில் வண்டியை நிறுத்தியபோது, மொபெட்டில் பால்கேன்களோடு வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார்.

“எங்க போறீக இந்நேரத்துக்கு?”

“ஓடைப் பக்கம்ணே. குருவி பாக்க.”

“நல்லா வெடிஞ்சதும் போங்க. இப்பப் போகாதீக.”

“ஏன்ணே, பன்னி வருமா?”

கொஞ்சம் யோசித்தவர், “ஆமா, பன்னிதேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதையோ சொல்ல வந்து விழுங்கிவிட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஓடைப் பக்கமிருந்து அந்த இரட்டை விசில் கேட்டதுதான் காரணம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஒரு பக்கம் மக்காச்சோளக் காடு, மறுபக்கம் ஓடைப் புதர். நடுவில் முழங்கால் உயரப் புல். பனியில் புல்லெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. டார்ச்சோடு அவர் முன்னால் போனார். இருபதடி பின்னால் நான். கீழ்வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

வரப்பு ஓரமாக ஒரு பெண் மயில் கிடந்தது. தூங்குகிற மாதிரிதான் இருந்தது. இறகு கலையவில்லை, ரத்தம் இல்லை. நாய் கடித்திருந்தால் இப்படிக் கிடக்காதே என்று குனிந்து பார்த்தேன். அதன் காலுக்கு அருகே ஒரு குச்சி நட்டிருந்தது. குச்சியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. அதன் மேல் மெல்லிசாக ஒரு கம்பி. கம்பி நெடுகப் பனித்துளி கோத்திருந்தது.

கம்பி போகும் திசையில் பார்த்தேன். புல்லுக்குள் மறைந்து, அடுத்த குச்சியில் தெரிந்து, அதற்கடுத்த குச்சியில் தெரிந்து, அவருக்குப் பின்னால் போனது. வரப்பு மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கால் வைத்தபோது தெரியாமலேயே அதைத் தாண்டியிருக்கிறார். அவருக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், இன்னொரு கம்பி. அடுத்த அடி எடுத்து வைக்கக் காலைத் தூக்கியிருந்தார்.

“நில்லுங்க!”

எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. எங்கோ ஆள்காட்டிக் குருவிகள் இரண்டு கிளம்பி அலறின. அவர் தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே கீழே வைத்தார்.

“என்னாச்சு? பாம்பா?”

“திரும்பாதீங்க. அசையாதீங்க. கரண்டு கம்பி. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. கீழ பாருங்க.”

டார்ச் வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கியது. அவர் கம்பியைப் பார்த்துவிட்டார் என்பது தோள் சுருங்கியதில் தெரிந்தது. முக்காலியின் இரும்புக் கால்கள் தோளுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் குனிந்தால், அல்லது அது நழுவினால், பின்னாலிருக்கும் கம்பியில்தான் விழும்.

“முக்காலிய நெஞ்சோட அணைச்சுக்கங்க. மெதுவா. கால எடுக்காம.”

செய்தார். பிறகு, “என் செருப்பு ரப்பர் சோல்தான் ஜீனத்து” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா உள்ள நனைஞ்சிருச்சு” என்றார். கடையில் அளவு சொல்கிற அதே குரலில் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

போனை எடுத்தேன், டவர் இல்லை. ஓடிப்போய் யாரையாவது கூட்டி வரலாம் என்றால், நான் வந்த வழியில் எங்கே என்ன கிடக்கிறது என்று தெரியாது. வந்தபோது எதன் மேலும் படாமல் வந்தேன், திரும்பும்போது? நின்ற இடத்திலிருந்து கத்தினேன். “யாராச்சும் இருக்கீங்களா? கரண்ட ஆப் பண்ணுங்க!” தூரத்தில் சோளக்காட்டைத் தாண்டி ஒரு மோட்டார் ரூம் தெரிந்தது. அங்கே ஆள் நடமாட்டம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவர், “கை நடுங்குதும்மா” என்றார். பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். “வேத்து ஊத்துது. கண்ணு மங்குது” என்றபோதுதான் மாத்திரை நினைவுக்கு வந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை. சர்க்கரை இறங்குகிறது. இன்னும் செத்த நேரத்தில் மயங்கி விழுவார். எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பி.

என் பையில் கடலை மிட்டாய் இருந்தது. “தூக்கிப் போடவா?” என்றேன்.

“வேணாம். பிடிக்கப் போயி சாஞ்சிருவேன். நீ ஓதும்மா. நானும் ஓதுறேன்.”

ஓதினேன். பாதி துஆவில் வார்த்தை மறந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அது வந்தது. அவர் காலுக்கு மூன்றடி தள்ளி, புதருக்கு அடியிலிருந்து, சருகைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக்குருவி தத்தித் தத்தி வெளியே வந்தது. வயிற்றுச் சிவப்பு, கண்ணோரத்துக் கறுப்புப் பட்டை, எல்லாம் அந்த மங்கிய வெளிச்சத்திலும் தெரிந்தன. வருடம் முழுக்க நான் ஏங்கிய பறவை. கழுத்தில் தொங்கிய பைனாகுலரை நான் தொடவில்லை. அது கம்பியை நோக்கிப் போனது. கம்பிக்கு நேர் கீழே நின்று ஒரு புழுவை இழுத்தது. தொட்டுவிடாதே, தொட்டுவிடாதே என்று என் மனம் அடித்துக்கொண்டது. நிமிராமல் கம்பிக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போய்ப் புதருக்குள் மறைந்தது.

“யாருங்க அது? அங்கனயே நில்லுங்க! கம்பியத் தொட்டுறாதீங்க!”

சோளக்காட்டு ஓரமாக ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் பக்கம் வரவில்லை. நேராக மோட்டார் ரூமுக்குள் போனாள். வெளியே வந்து, “பீஸப் புடுங்கிட்டேன்! வாங்க, வெளிய வாங்க!” என்று கத்தினாள்.

அவர் அசையவில்லை.

“ஆப் பண்ணியாச்சாம், வாங்க” என்றேன். என் குரலிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பியூஸ்தானா, வேறு லைன் இருக்கிறதா, யாருக்குத் தெரியும்?

“என்னால கால எடுக்க முடியல” என்றார். அவர் உடம்பு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்திருந்தது.

அந்தப் பெண் பக்கத்தில் வந்துவிட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கம்பிக்கு முன்னால் போய் நின்று, கண்ணை இறுக்கி மூடி, வெறும் கையால் கம்பியைப் பிடித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தவளின் முகம் வெளிறியிருந்தது. அவளுக்கும் நிச்சயமாகத் தெரியாமல்தான் பிடித்திருக்கிறாள். “பாத்தீங்களா, ஒண்ணுமில்ல. வாங்கண்ணே” என்று மறுகையை நீட்டினாள்.

அவளும் நானுமாக அவரை வரப்பில் உட்கார வைத்தோம். கடலை மிட்டாயை நுணுக்கி வாயில் போட்டேன். அவள் சோளக்காட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொம்பில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்தாள். அரைச் சொம்பு உள்ளே போனதும் அவர் முகத்தில் உயிர் வந்தது.

அவள் பெயர் பாண்டியம்மா. கம்பி கட்டியது அவள் கணவர். போன வருடம் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் சோளக்காட்டைப் படுக்கப் போட்டுவிட்டதாம். “வெடிஞ்சதும் மொத ஆளா நாந்தான் வந்து ஆப் பண்ணுவேன்க்கா. எவனாச்சும் செத்துக் கெடப்பானோ, எவ புள்ள கெடக்குமோன்னு வயித்தக் கையில புடிச்சுக்கிட்டுத்தேன் தெனமும் வாரேன்.”

சத்தம் கேட்டு அவள் கணவரும் வந்தார். முதலில், “யாரக் கேட்டு உள்ள வந்தீக?” என்று எகிறினார். செத்த மயிலையும், வரப்பில் துவண்டு உட்கார்ந்திருந்தவரையும் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. “ஸ்டேசனுக்குப் போயிறாதீங்க பாய். உள்ள தள்ளிருவாய்ங்க.”

என் கணவர் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. “கம்பியச் சுருட்டுங்க. அதப் பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்” என்றார். “அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன். கம்பி இருந்துச்சுன்னா நேரா கரண்டு ஆபீசுக்குத்தான் போவேன்.”

அந்த ஆள் நின்றுகொண்டே இருந்தார். பாண்டியம்மாதான் குச்சியைப் பிடுங்க ஆரம்பித்தாள். பிடுங்கிக்கொண்டே, “இனி நான் வந்து ஆப் பண்ண மாட்டேன். நீ வேணா காட்டுல படுத்துப் பன்னிய வெரட்டு” என்றாள். கொஞ்சம் கழித்து அவரும் குனிந்து கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு போனோம். கம்பி இல்லை. பன்றி மிரளட்டும் என்று பழைய சேலைகளை வேலி மாதிரி சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவர்தான் வரப்பு வரை போய்ப் பார்த்து, பாண்டியம்மாவிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார். நான் தார்ச்சாலையை விட்டு இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. நூற்றைம்பதை எட்டாமலேயே வருடம் முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது எனக்குள்ள சிக்கல் வேறு. எங்கே போனாலும் கண் தரையைத்தான் துழாவுகிறது. தலைக்கு மேல் எது கத்தினாலும் நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, ஆத்தூர்ப் பக்கம் பஸ் உண்டு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அணைக்கரையிலேயே நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் தாராளமாகக் கிடைக்கும், அது போதும். வயல் ஓரத்துக்குப் போவதென்றால் நன்றாக விடிந்த பிறகு, அந்த நிலத்துக்காரரையே கேட்டு, அவர் காட்டுகிற வழியில் போங்கள். ஊர்க்காரர் ஒருவர் “போகாதீக” என்று சொன்னால் காரணம் கேட்டு வாதாடாமல் திரும்பிவிடுங்கள். காயமில்லாமல் ஒரு மயிலோ கீரியோ செத்துக் கிடந்தால் அடுத்த அடி வைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பவே கூடாது. கம்பியைப் பார்த்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். நாங்கள் அந்த ஓடை மட்டுமில்லை, அந்தப் பக்கம் முழுக்கப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

போன வாரம் பாண்டியம்மா போன் செய்தாள். பன்றி வந்து மேற்கு ஓரத்துச் சோளத்தைத் தின்றுவிட்டுப் போய்விட்டதாம். “ரொம்பப் போயிருச்சா?” என்று கேட்டேன்.

“போகட்டும்க்கா. இன்னைக்கு ஏழு மணிக்குத்தேன் எந்திரிச்சேன்” என்றாள். “கல்யாணம் ஆகி வந்ததுலருந்து இம்புட்டு நேரம் நான் தூங்குனதே இல்ல.”