பாய் சாப்பிட்ட கடல்பாசி

பழவேற்காட்டு நூர் அகமது பாய், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் பதினெட்டு வருடம் கிரேன் ஓட்டினார். அதே கிரேனில் அடுத்த ஷிஃப்ட் நான். யார் கேட்டாலும் "கிரேன் ஆபரேட்டர்" என்றுதான் முதலில் சொல்வார், பெயர் அப்புறம்தான். எடை நூற்றுப் பதினொரு கிலோ.

2006 பரிசோதனையில் கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஈரல்ல கொழுப்பு. ஏணி ஏறுனா மூச்சு வாங்குது. மூணு மாசத்துல பத்து கிலோ குறையலைன்னா கிரேன் கிடையாது."

பாய் ஆடிப்போனார். அந்த வாரமே ஒரு பத்திரிகைத் துண்டோடு என்னிடம் வந்தார். கடல்பாசி உடல் பருமனைக் குறைக்க உதவலாம், ஈரலுக்கும் நல்லதாக இருக்கலாம், ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அந்த 'லாம்' இரண்டையும் பாய் பெரிய மனதோடு மன்னித்துவிட்டார்.

"இன்னாபா தாவீது, இது நம்ம ஊட்டு சாமான்! நோன்பு தொறக்க வருசா வருசம் காய்ச்சறதுதானே!"

அவர் மனைவி ஜாஹிதா காய்ச்சினார். நோன்புக்கு எப்படியோ அப்படியே: ஒரு பிடி பாசி, ஒரு லிட்டர் பால், அரைக் கிலோ சர்க்கரை, மேலே முந்திரி. வெறும் தண்ணீரில் காய்ச்சிப் புருஷனுக்கு வைப்பது அவர்கள் வீட்டில் அவமரியாதை. ஆறினால் தட்டில் அல்வா மாதிரி உறைந்துவிடும். காலையில் ஒரு தட்டு, ராத்திரி ஒரு தட்டு. அடடா, என்ன பத்தியம்! இப்படிக் கிடைத்தால் நானும் நோயில் படுத்துவிடுவேன்.

"பாய், சக்கரை?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பாசி எல்லாத்தையும் இஸ்துக்கும்பா. சும்மா பேஜார் பண்ணாதே."

மூன்று மாதம் கழித்து மெஷின் நூற்றுப் பதினாறு காட்டியது. மெஷின் ரிப்பேர் என்றார் பாய். எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்க, முந்திரி வறுக்கும் பக்குவம் வரை விளக்கினார். டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

கிரேன் போயிற்று. என் ஷிஃப்டிலேயே, கீழே கொக்கி மாட்டும் வேலை கொடுத்தார்கள். எட்டு மணி நேரமும் நடை. ஆறே மாதத்தில் தொண்ணூற்றெட்டு. ஈரலும் தேறிவிட்டதாம்.

"பாத்தியா, பாசி லேட்டா வேலை செய்யுது!" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிரேனைத் திருப்பிக் கேட்டு மனு கொடுத்தார். அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்றார்கள்.

மறுநாள் கொக்கியை மாட்டிவிட்டு, மேலே கேபினில் இருந்த எனக்குக் கை காட்டினார். தூக்கினேன். இரும்பு மேலே போகப் போக அவர் தலையும் கூடவே நிமிர்ந்தது. நான் நிறுத்திய பிறகும், தான் பதினெட்டு வருடம் உட்கார்ந்த கேபினையே பார்த்துக்கொண்டு சுமைக்கு அடியிலேயே நின்றார். மணியை அடித்தேன்.

"தள்ளி நில்லு பாய்!" என்று கத்தினேன். அவர் நகரவில்லை.