உட்காரப் பட்டன் இல்லை

போன சனிக்கிழமை மதியம், பாழடைந்த சிவன் கோயில் ஒன்றில் விளக்கேற்றினேன். எண்ணெய் வாங்கவில்லை, தீப்பெட்டி எடுக்கவில்லை. சாப்பிட்ட கையோடு எங்கள் வீட்டு ஹாலில், சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்தபடியே ஏற்றினேன்.

என்ன ஆச்சு உனக்கு என்கிறீர்களா? இருங்கள், சொல்கிறேன்.

என் நாத்தனார் மங்கை எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் கேம் அவள் தொழில். விளையாடுவது இல்லை... செய்வது! பெரிய காஞ்சிபுரத்தில் இதை விளக்குவது லேசுப்பட்ட காரியமா? கேம் என்றாலே, "சீட்டாட்டமாம்மா? ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு" என்கிறார்கள். அதனால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

அவளும் அவள் காலேஜ் தோழி ஸ்டெல்லாவும் வருஷக்கணக்காக உழைத்து ஒரு ரோல் பிளேயிங் கேம் செய்தார்கள். அதாவது, நீங்களே கதைக்குள் ஒரு ஆளாகிவிட வேண்டும். ஊர் ஊராகப் போகலாம், வருகிறவர் போகிறவரிடம் பேசலாம், சண்டை போடலாம், கிடைத்ததை மூட்டை கட்டிக்கொள்ளலாம். இவர்கள் கேமில் நீங்கள் ஒரு பெண். தோளில் துணி மூட்டை. ஊருக்குள் ஓடிய ஆறு வற்றிப்போய்விட்டது. அந்த மணலிலேயே மலை வரைக்கும் நடந்துபோய், "ஏன் வரலை?" என்று தண்ணீரையே கேட்டுவிட்டு வர வேண்டும்.

முதல் தடவை இந்தக் கதையைச் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இப்படியெல்லாம் யோசிக்கிற பெண்ணா நம் வீட்டு மாடியில் இருக்கிறாள் என்று பெருமையாக இருந்தது.

மங்கை புரோகிராம் எழுதினாள். படங்களும் சத்தங்களும் ஸ்டெல்லா. அவளுக்கு வாலாஜாபாத். பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம் ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கீழே இறங்கி மைக்கை நீட்டிக்கொண்டு நின்றாளாம். மாகறல் ஏரிக்கரையில் தவளைச் சத்தம் பிடிக்கப் போய், மழையில் நனைந்து, ஜுரத்தோடு வந்து எங்கள் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தது எனக்கே தெரியும்.

அந்தச் சத்தமெல்லாம் கேமில் ஒரே ஒரு நேரத்தில்தான் கேட்கும். கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒரு கீயை அழுத்தினால், அந்தப் பெண் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு உட்காருவாள். அவ்வளவுதான். பாயின்ட் கிடையாது, பலம் ஏறாது. பாட்டு மெல்ல அடங்கும். காற்று, தவளை, தூரத்தில் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வரும். சத்தங்களுக்காக ஸ்டெல்லா உழைத்த உழைப்பு மொத்தமும் அந்த ஒரு கீக்குப் பின்னால்தான் இருந்தது.

இப்போது அந்த கேமை டிவியில் விளையாடுகிற கன்சோலுக்குக் கொண்டுவர ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்ல சேதிதானே? ஆனால் பிரச்சனை ஆரம்பித்ததே அங்கேதான்.

கம்ப்யூட்டரில் மவுஸ் உண்டு, கீபோர்டு முழுக்கக் கீ உண்டு. ஆசைப்பட்ட வேலைக்கெல்லாம் தனித்தனியாக ஒரு கீ கொடுத்துவிடலாம். டிவி முன்னால் உட்காருகிறவர் கையில் இருப்பதோ ஒரு கன்ட்ரோலர். எங்கள் வீட்டில் அதற்கு ரிமோட் என்று பெயர். அதில் பட்டன்கள் கொஞ்சம்தான். நடக்க, ஓட, பேச, எடுக்க, அடிக்க, மூட்டையைத் திறக்க, வழி பார்க்க... எல்லாவற்றுக்கும் பங்கு போட்டதில் உட்காருவதற்கு இடமில்லை. மங்கை அதைத் தூக்கிவிட்டாள்.

ஸ்டெல்லாவுக்கு அதை மெசேஜில் வேறு சொல்லியிருக்கிறாள்!

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள் ஸ்டெல்லா. கீழே சமையலறை வரைக்கும் கேட்டது சண்டை.

"நான் செஞ்சதெல்லாம் அங்கதாண்டி இருக்குது! அதைப் போய் சாதாரணமா தூக்கிட்டேன்ற?"

"சும்மா உக்கார்றதுக்கு ஒரு பட்டனைக் குடுத்துட்டு, மூட்டையத் தொறக்க என்னாடி பண்ணுவேன்? நீயே சொல்லு."

"ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கற மாதிரி வெய்யி."

"அதெல்லாம் சண்டைக்கே போயிடுச்சு. மெனுவுக்குள்ள வெச்சா ஒருத்தரும் தேடிக்கினு போமாட்டாங்க."

"அப்ப எனக்கு இதுல வேலையே இல்லைன்னு சொல்லிடு!"

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். நான் நீட்டிய காபியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் மங்கை எத்தனை தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை கேமை ஒப்படைத்தாக வேண்டும். மங்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேமைவிட ஸ்டெல்லா போய்விடுவாளோ என்கிற பயம்தான் அவளுக்கு.

இந்த நிலவரத்தில்தான் சனிக்கிழமை என் கையில் ரிமோட்டைத் திணித்தாள். "ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தர் ஆடிப் பாக்கணும் அண்ணி. உங்கள விட்டா யாரு?" மிக்ஸி மூடியைப் போட மறந்த என் கதையை முன்பு இந்தப் பக்கத்தில் படித்தவர்களுக்கு, எனக்கும் மெஷினுக்கும் உள்ள உறவு தெரியும். இருந்தாலும் இவ்வளவு வெளிப்படையாகவா சொல்வது?

சரி என்று ஆரம்பித்தேன். நடக்கச் சொன்னால் சுவரில் முட்டினேன். பேசப் போய் ஒரு பெரியவரை அடித்தேன். "ஐயையோ, மன்னிச்சுக்குங்க" என்று டிவியைப் பார்த்துச் சொன்னேன். மங்கை பல நாளைக்கப்புறம் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கைக்குப் பழகிவிட்டது. வெளியே மூட்டம் போட்டிருந்தது. ஃபேன் சத்தம், தெருவில் எங்கோ ஒரு தறியின் தட்... தட்... ஆற்று மணலில் நடந்துகொண்டே இருந்தேன். வெயில் சாயச் சாய மணலின் நிறம் மாறியது. என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு போனது. நான் சோபாவில் இருக்கிறேனா, மணலில் இருக்கிறேனா? சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளங்கால் சுட்டது.

கரையில் அந்தக் கோயில். உள்ளே போனேன், விளக்கேற்றினேன், மணியடித்தேன். கும்பிட்டாயிற்று. ரிமோட்டைச் சோபாவில் வைத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தேன்.

"வெளிய போற வழி வலது பக்கம் அண்ணி," என்றாள் மங்கை.

"தெரியும்மா."

"எந்தப் பட்டன்னு மறந்துட்டீங்களா?"

"இல்லடி. சிவன் கோயிலாச்சே... கொஞ்ச நேரம் உக்காந்துட்டுக் கிளம்பறேன்."

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்கும் இருக்கலாம். சிவன் கோயிலில் கும்பிட்டு முடித்தால் பிராகாரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். பெருமாள் கோயிலில் உட்காராமல் நேரே வீட்டுக்கு. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். காரணம் கேட்டா உட்காருகிறோம்? கால் தானாக மடங்கிவிடுகிறது.

"நீங்க சோபாவுலதானே உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்றாள் மங்கை.

"நான் உக்காந்துட்டேன். பாவம், அந்தப் பொண்ணுதான் மூட்டையோட நின்னுக்கினே இருக்குது."

மங்கை டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சோபாவில் கிடந்த ரிமோட்டைப் பார்த்தாள். அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து மாடிக்கு ஓடினாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தே போனேன்.

காபி போடுகிற நேரத்துக்கு இறங்கி வந்தாள். கேமைத் திரும்பப் போட்டு, அதே கோயிலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ரிமோட்டைக் கீழ வெச்சிடுங்க அண்ணி. எதையும் தொடாதீங்க."

வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வாய் திறக்கப் போனேன், "உஷ்" என்றாள்.

டிவியில் அந்தப் பெண் தோளிலிருந்து மூட்டையை இறக்கினாள். தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு அடங்கியது. முதலில் காற்று. அப்புறம் ஒரு தவளை, அதற்குப் பதில் சொல்கிற மாதிரி இன்னொரு தவளை. ரொம்ப ரொம்ப தூரத்தில், வராத அந்த ஆற்றின் தண்ணீர்ச் சத்தம். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அங்கேயே இருந்தோம்.

"பட்டனே வாணாம் அண்ணி," என்றாள் மங்கை. "ரிமோட்டைக் கையிலருந்து கீழ வெச்சா, கொஞ்ச நேரத்துல அவளே உக்காந்துடுவா. இவ்ளோ நாளா எந்த பட்டன், எந்த பட்டன்னு தேடிக்கினு இருந்தேனே..."

"அதெல்லாம் சரி. பெருமாள் கோயில்ல மட்டும் உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன். சிரிப்பும் அழுகையுமாகத் தலையாட்டினாள்.

"ஸ்டெல்லாவுக்குப் போனைப் போடு."

"எடுக்க மாட்டா."

நான் கூப்பிட்டால் எடுப்பாளே! என் போனிலிருந்து கூப்பிட்டேன். "அக்கா, சொல்லுங்கக்கா" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு டிவி பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா? அக்கா...?" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். காற்று வந்தது. தவளை வந்தது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மங்கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கட் பண்ணிவிட்டாளோ?

"தவளை ஏன் இவ்ளோ கம்மியா கேக்குது?" என்றாள் ஸ்டெல்லா. "ஏத்தச் சொல்லுங்கக்கா அவள."

"நீயே வந்து ஏத்துடி!" என்று கத்தினாள் மங்கை.

"காலைல மொத பஸ்ஸுக்கு வர்றேன்... ஆமா, எந்தப் பட்டன்ல வெச்ச?"

"எதுலயும் இல்ல."

விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டெல்லா சிரிக்கிற சத்தம், தவளைச் சத்தத்தோடு கலந்து கேட்டது. போனை அவளும் வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. இங்கே இரண்டு பேர், வாலாஜாபாத்தில் ஒருத்தி, டிவிக்குள் ஒருத்தி. நாலு பேரும் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தோம்.

வெளியே போயிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார். ஆறிப்போன காபியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்னா, ரெண்டு பேரும் சும்மா உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"வேலை நடக்குது. சத்தம் போடாதீங்க!"